மூன்று அத்தியாயம், பதினேழு தலைப்பு

என் சரித்திர நாவலில் இதுவரை எழுதி முடித்திருப்பது மூன்று அத்தியாயம். தலைப்பு மட்டும் பதினேழு முடித்திருக்கிறேன்.

கூட்டிச் சொல்லவில்லை ஸார், கணக்கு இருக்கிறது! பி.காம். படித்தவன் எதைச் செய்தாலும் கோடு போட்ட நோட்டில்தான் செய்வான். இடது பக்கம் தலைப்பு வைத்த தேதி. நடுவில் தலைப்பு. வலது பக்கம், ரத்தான காரணம். ஒன்றாம் நம்பர் தலைப்பு நாலு மாதம் தாக்குப் பிடித்தது. பதினொன்றாம் நம்பர், காலையில் பல் தேய்க்கும்போது பிறந்து காபி ஆறுவதற்குள் காலமாகிவிட்டது.

வினை ஆரம்பித்தது தஞ்சாவூரில். ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தத்துக்கும் பந்திக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. பெரிய கோயிலுக்கு நடையைக் கட்டினேன். எல்லாரும் அண்ணாந்து விமானத்தைப் பார்க்க, நான் குனிந்து சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்து கூடப் புரியவில்லை. ஆனாலும் நகர மனசு வரவில்லை. வரி வரியாக, இடம் விடாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல்... எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது.

ஊருக்குத் திரும்பி, அச்சில் வந்திருக்கும் கல்வெட்டுத் தொகுதியைத் தேடிப் பிடித்துப் படித்தபோதுதான் விளங்கியது. அட, இது கல்வெட்டே இல்லை. அக்கவுண்ட்ஸ்!

நீங்களே பாருங்கள். கோயிலுக்கு நானூறு ஆடல் மகளிரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைக்கிறான் ராஜராஜன். அந்த நானூறு பேரின் பெயரும் கல்லில் இருக்கிறது. பெயர் மட்டுமா? எந்தத் தெரு, எந்தச் சிறகு, தலை வீடா இரண்டாம் வீடா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். நானூறை நூறால் பெருக்கினால் நாற்பதாயிரம் கலம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ஆக, நாலு லட்சத்து எண்பதாயிரம் மரக்கால். (கால்குலேட்டர் இல்லாமலே போட்டேன்.)

இன்னொன்றையும் கேளுங்கள். பங்கு வாங்குகிறவர் இறந்துபோனாலோ, ஊரை விட்டுப் போனாலோ, அடுத்த உறவுக்காரர் அந்த வேலையைச் செய்து பங்கை வாங்கிக்கொள்ளலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளைப் பார்த்து நியமிக்க வேண்டும். கருணை அடிப்படையில் வேலை! நம் ஆபீஸ் சர்க்குலர் தோற்றது.

ஆடல் மகளிரோடு பட்டியல் முடியவில்லை. நட்டுவர், மத்தளம் கொட்டுகிறவர், விளக்கு ஏற்றுகிறவர், குடை பிடிக்கிறவர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர்... இறங்கிக்கொண்டே வந்தால், கணக்கு எழுதுகிறவர்கள். அவர்களுக்கும் கீழே, கீழ்க்கணக்கு எழுதுகிறவர்கள்.

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நம்ம ஆளு!

அன்று ராத்திரியே கதை தயார். வருஷம் 1010. ராஜராஜனின் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டு. விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஊரே மேலே பார்க்கிறது. கீழே ஒரு கீழ்க்கணக்கன் ஓலையைப் பார்க்கிறான். நெல் குறைகிறது. வரவு சரி, செலவு சரி, கையிருப்பு மட்டும் இடிக்கிறது. ட்ரையல் பாலன்ஸ் இடித்த ராத்திரியை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், இதைவிடப் பெரிய மர்மக் கதை உலகத்தில் கிடையாது.

தலைப்பு வைக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். அந்த 'தான்' ஒரு வருஷம் இரண்டு மாதம் இழுத்துவிட்டது.

முதலில், பெரியவர்கள் எப்படி வைத்தார்கள் என்று பார்த்தேன். கல்கியிடம் ஒரு அச்சு இருக்கிறது. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்'. யாருடைய? என்ன? அவ்வளவுதான். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' கூட அந்த அச்சுதான். சாகித்ய அகாடமி பரிசே வாங்கியது. நானும் என் ஆளை அதில் ஊற்றினேன். 'கணக்கனின் கனவு.'

மனைவி வாங்கிப் படித்தாள்.

"ஏங்க, இன்கம்டாக்ஸ் ரீஃபண்ட் வராத கதை மாதிரி இருக்கே?"

ரத்து.

அடுத்து சாண்டில்யன் அச்சு. 'கடல் புறா', 'யவன ராணி', 'ராஜ முத்திரை'. இரண்டே சொல். உறையிலிருந்து வாளை உருவுகிற மாதிரி ஒரு சத்தம். நான் உருவியது 'நெல் முத்திரை'. உரக் கம்பெனி விளம்பரம் என்று வீட்டில் தீர்ப்பாயிற்று.

ஒன்பதாம் நம்பர் தலைப்பு 'ராஜகேசரி'. சோழ ராஜாக்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறி வைத்துக்கொண்ட பட்டம். கம்பீரமாகச் சொல்லிவிட்டு நின்றேன்.

"முந்திரி போட்டதா, பைனாப்பிளா?"

விசாரித்ததில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நாவலே இருக்கிறது. ரத்தான காரணம் கட்டத்தில் இரண்டையும் எழுதி வைத்தேன்.

பதிப்பகத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் போனேன். டீ வாங்கிக் கொடுத்தால் உண்மை பேசுவார்.

"பாஸ், 2022-லயும் 2023-லயும் பொன்னியின் செல்வன் படம் ரெண்டு பாகமும் வந்த பிறகு, சோழர் கதைன்னா கையில எடுத்தாவது பார்க்கறாங்க. ஆனா அட்டையில சோழன் இருக்கணும், வாள் இருக்கணும். கணக்குப்பிள்ளைய எவன் வாங்குவான்? கணக்குப்பிள்ளைங்களே வாங்க மாட்டாங்க!"

அப்படிப் பிறந்ததுதான் பதினாலாம் நம்பர். 'சோழனின் வாள்.'

இந்தத் தலைப்பு செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். தலைப்பில் வாள் வந்துவிட்டதா, கதையிலும் ஒரு வாள் வேண்டுமே? இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதி வாளை நுழைத்தேன். வாள் வந்தால் பிடிக்க ஒரு வீரன் வேண்டும். வீரன் நடந்தா வருவான்? குதிரை. குதிரை மேல் வருகிறவனை மாடத்திலிருந்து பார்க்க ஒரு இளவரசி. மூன்றாம் அத்தியாயம் முடிகிறபோது தஞ்சாவூரில் புழுதி பறக்கிறது. கீழ்க்கணக்கன் ஓலைக்கட்டோடு ஒரு தூண் மறைவில் ஒதுங்கி நிற்கிறான். என் வீட்டிலேயே எனக்கு அந்த நிலைமை உண்டு என்பதால் எனக்கு அது உறைக்கவில்லை.

நான் ஒருத்தன்தான் இப்படி மாற்றி மாற்றி அல்லாடுகிறேனா என்று பார்த்தால், இல்லை. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' 1865-ல் ஒரு ரஷ்யப் பத்திரிகையில் தொடங்கியபோது தலைப்பு வெறும் '1805'. எனக்கு அது வவுச்சர் நம்பராகத்தான் தெரிகிறது. 1936-ல் வந்த 'கான் வித் தி விண்ட்' நாவலை எழுதும்போது மார்கரெட் மிட்செல் கதாநாயகிக்கு வைத்திருந்த பெயர் பான்ஸி. ஸ்கார்லெட் என்று மாறியது புத்தகம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். தலைப்புக்கும் வேறு சிலதை வைத்துப் பார்த்திருக்கிறார்.

நம் சுஜாதாவுக்கு நடந்தது இன்னும் கஷ்டம். 1857 கிளர்ச்சியை வைத்து 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று ஒரு தொடர் ஆரம்பித்தார். எதிர்ப்புக் கிளம்பி அது பாதியில் நின்றுபோயிற்று. பிறகு அதே களத்தில் மறுபடி எழுதினார். அதுதான் 'ரத்தம் ஒரே நிறம்'. தலைப்பு மாறியதும் கதை வேறு குரலில் பேசுகிற மாதிரி இல்லை?

இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு தைரியமாக இருந்தேன். பதினேழாவது தலைப்பும் ரத்தான வாரத்தில் அப்பா வந்தார்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கும்பகோணத்தில் ஒரு நெல் மண்டியில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் கையெழுத்து, பேரேட்டில் எறும்பு வரிசை போகிற மாதிரி இருக்கும். கண்ணில் மூடி போட்டு அனுப்பிய டாக்டர், கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பேப்பர் படிக்காமல் அவருக்குக் காலையே விடியாது. இரண்டு நாள் முகட்டைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் கேட்டார்.

"ஏதோ கதை எழுதறியாமே. படியேன், கேப்போம்."

அப்பா என் எழுத்து எதையும் படித்ததில்லை. படித்ததாகச் சொன்னதில்லை. நான் வேலையை விட்டதில் அவருக்கு வருத்தம். நேரில் கேட்கவும் மாட்டார். மாதாமாதம் போனில், "அந்த கம்பெனில ஆள் எடுக்கறாங்களா?" என்று யாரோ ஒருத்தருக்காகக் கேட்பது போல் கேட்பார். அதனால் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

மூன்று அத்தியாயமும் படித்து முடித்தேன். அப்பா அசையவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன்.

"அந்தக் குதிரைக்கு என்ன பேரு சொன்னே?"

"காற்றரசன்ப்பா."

"வாளுக்கும் ஏதோ சொன்னியே?"

"செங்குருதி."

"ம்... அந்தக் கணக்கெழுதற பையனுக்கு?"

பக்கங்களைப் புரட்டினேன். முதலிலிருந்து புரட்டினேன். எழுபத்திரண்டு பக்கம். 'கணக்கன் வந்தான்', 'கணக்கன் நின்றான்', 'கணக்கன் தலைகுனிந்தான்'. பெயர் இல்லை ஸார். குதிரைக்கு வைத்தேன், வாளுக்கு வைத்தேன், இளவரசியின் கிளிக்குக் கூட வைத்தேன். யாருக்காகக் கதை எழுத உட்கார்ந்தேனோ அவனுக்கு வைக்கவில்லை.

"இன்னும் வைக்கலப்பா."

"சரி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கொஞ்ச நேரம் கழித்து, "நெல்லு எப்படிக் குறைஞ்சுதாம்?" என்றார்.

"அது பின்னாடி வரும்ப்பா." உண்மை என்னவென்றால் எனக்கே தெரியாது.

"மரக்காலைப் பார்த்தானா?"

"எதை?"

"மரக்காலைடா. கணக்கு சரியா இருந்து நெல்லு குறைஞ்சா, முதல்ல அளக்கற மரக்காலைத்தான் பார்க்கணும்."

அப்புறம்தான் சொன்னார். முகட்டைப் பார்த்துக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதர் கதை போல.

மண்டிக்கு வருவதற்கு முன்னால் திருவாரூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் கணக்கு எழுதியிருக்கிறார். 1980-ஆம் வருஷம், தை அறுவடை. அங்கே கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள். கூலி குறைகிறது என்று ஆட்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். பேரேட்டைப் பார்த்தால் எல்லாம் சரி.

"நெல்லு உள்ள வர்றப்ப ஒரு மரக்கால். கூலி அளக்கறப்ப வேற மரக்கால். வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான். ஒரு நாள் ராத்திரி எல்லாரும் போனப்புறம், அதுல அளந்த நெல்லை இதுல கொட்டிப் பார்த்தேன். வழிஞ்சுது. ரெண்டு கை நெல்லு கீழ கெடந்துது. ஒரு மரக்காலுக்கு ரெண்டு கை. ஒரு ஆளுக்கு, ஒரு அறுவடைக்கு எவ்வளவுன்னு நீயே போட்டுப் பாரு. பி.காம். படிச்சவன்தானே?"

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"என்னத்தப் பண்றது? என்னால நோட்டுலதான் எழுத முடியும். எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல, எந்த மரக்கால்ல அளந்ததுன்னு. பெரிய மரக்கால்... சின்ன மரக்கால்..."

"அப்புறம்?"

"தை முடியறதுக்குள்ள கும்பகோணம் வந்துட்டேன்."

எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாகச் சொல்லப்பட்டு வந்த காரணம் வேறு. அப்பாவுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

அன்று ராத்திரி கல்வெட்டுத் தொகுதியை மறுபடி எடுத்தேன். நூறு கலம் நெல் என்று சொல்கிற இடத்தில், அது எந்த அளவால் அளந்த நெல் என்றும் எழுதியிருக்கிறது. 'ஆடவல்லான்' என்கிற மரக்காலால். அந்த ஆடவல்லான், 'ராஜகேசரி' என்கிற அளவோடு ஒத்தது. நெல்லுக்கு மட்டும் இல்லை. கோயிலுக்குக் கொடுத்த பொன்னை நிறுத்தது 'ஆடவல்லான்' என்கிற கல்லால், நகைகளை நிறுத்தது 'தட்சிணமேரு விடங்கன்' என்கிற கல்லால் என்று எதையும் விடாமல் பொறித்திருக்கிறார்கள்.

முதல் முறை படித்தபோது, அடடா என்ன அழகான பெயர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டதோடு சரி. பல்லக்குக்குக் குஞ்சலம் கட்டுகிற மாதிரி முதல் அத்தியாயத்தில் ஒரு வரியில் தொங்கவும் விட்டிருந்தேன். அது அலங்காரம் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு கணக்கன், 'எந்த மரக்கால்' என்று எழுதாவிட்டால் நூறு கலமும் நூறு கலமாக இருக்காது என்று தெரிந்து எழுதிய வரி. அப்பா பேரேட்டில் எழுதிய அதே வரி!

கீழத்தஞ்சையில் 1940-களில் விவசாயிகள் போராடியபோது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, முத்திரை போட்ட மரக்காலால்தான் நெல் அளக்க வேண்டும் என்பது. எங்கேயோ படித்து மறந்திருந்தேன். இப்போது ஞாபகம் வந்தது. ராஜராஜன் காலத்திலிருந்து அப்பா காலம் வரைக்கும் சண்டை அந்த ஒரு பாத்திரத்தின் வயிற்றுக்குள்ளேதான் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நானோ வாளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கல்கியின் தலைப்புகளையும் அப்போதுதான் சரியாகப் படித்தேன். பார்த்திபன் ஆரம்பத்திலேயே போர்க்களத்தில் விழுந்துவிடுகிறான். ஆனாலும் கதை அவன் பெயரில். வாதாபி மேல் படையெடுக்கிறவன் நரசிம்மவர்மன். ஆனால் தலைப்பு ஆடல் பெண் சிவகாமிக்கு. 1950 முதல் 1954 வரை குதிரையில் ஓடி ஓடி உழைத்தவன் வந்தியத்தேவன். பட்டம் பொன்னியின் செல்வனுக்கு. தலைப்பு என்பது பட்டா மாதிரி ஸார். நிலத்தில் யார் வேண்டுமானாலும் ஓடலாம். யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று அதில்தான் இருக்கும்.

நான் மற்றவர்கள் நாவலைப் படித்தவர்களுக்காகத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன். என் நாவலில் இருக்கிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நோட்டை எடுத்தேன். பதினெட்டு. 'மரக்கால்.'

மறுநாள் மனைவியிடம் சொன்னேன். "கால் ஒடைஞ்ச ராஜா கதையா?" என்றாள். பதிப்பக நண்பருக்குப் போன் போட்டேன்.

"மரக்காலா? கடல் கொள்ளைக்காரன் கதையா பாஸ்? ஒத்தைக் கண்ணுல பட்டை கட்டியிருப்பானே?"

"ஆமாம், கண்ணில் மூடி போட்ட ஒருத்தர் இருக்கிறார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ரத்தான காரணம் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. குதிரையையும் வாளையும் கிளியையும் எடுத்துவிட்டேன். இளவரசியை எடுக்க மனசு வரவில்லை. அவளை மாடத்திலிருந்து இறக்கி, கோயிலுக்கு நெல் தானம் கொடுக்க வைத்திருக்கிறேன்.

கணக்கனுக்குப் பெயர் வைக்கிற விஷயத்தை அப்பாவிடமே விட்டேன். "நீயே வையி. என் பேரை மட்டும் வச்சுத் தொலைக்காதே" என்றார். (மனசில் அதைத்தான் நினைத்திருந்தேன்.)

நேற்று அப்பாவின் கண் மூடியைக் கழற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அந்தக் கட்டைக் கொண்டா" என்றார். திருத்தி எழுதிய அத்தியாயங்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குத்தி வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்த தலைப்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அத்தியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் அடுக்கினார்.

களத்தில் நெல் அளக்கிறவர்கள் 'ஒன்று' என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்குப் பெயர் 'லாபம்'. அதற்கப்புறம்தான் இரண்டு.

"லாபம்..." என்றார் அப்பா. "ரெண்டு... மூணு..."

கையை நீட்டியபடியே என்னைப் பார்த்தார்.

"எங்கடா மிச்சம்? மூணு மரக்கால் அளந்துட்டு எவனாவது சாக்கைக் கட்டுவானா?"